மறதி நோயின் வரலாறும் எமது பழைய இடாப்பும்

நூற்றாண்டு மலருக்காகப் பாடசாலையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு எம் நால்வரிடம் தரப்பட்டபோது, அதை ஆறு மாத வேலை என்றே எண்ணினோம். சேர்விடாப்புகள் இருந்தன. வருடாந்த அறிக்கைகள் சில இருந்தன. குழுப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இவற்றில் இல்லாததை வயது சென்றவர்களிடம் கேட்டு எழுதிவிடலாம் என்பது எமது திட்டம். எண்பது வயதைத் தாண்டிய பதினொரு பழைய மாணவிகளின் பெயர்களை எழுதிக்கொண்டு, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என வாரம் ஒரு வீடாகப் போனோம். பதினொரு வீடும் முடிந்தபோது, எமக்கு வரலாறு சொல்ல வேண்டியவர்களில் நால்வர் அந்த வரலாற்றைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தொலைத்துக்கொண்டிருப்பதைக் கண்டிருந்தோம்.

எந்த வீட்டிலும் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. "வயசு போயிட்டுது தானே" என்றார்கள். "அறளை பேந்திட்டுது" என்றார்கள். ஒரு வீட்டில் "அம்மா இப்ப ஆக்களைப் பார்க்கிறதில்லை" என்று படலையோடு அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. எம் நால்வரில் இருவர் தத்தம் தாய்மாரை இதே வார்த்தைகளால் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவர்கள். ஒரு கமிட்டியில் பத்து வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தும் ஒருவர் வீட்டு விடயம் மற்றவருக்குத் தெரியாது. பாடசாலையின் வரலாற்றைத் தேடிப்போன வழியில் அந்த நோயின் வரலாற்றையும் வாசிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

முதலில் பாலர் வகுப்பு ரீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எமது பாடசாலையிலேயே படித்து, எமது பாடசாலையிலேயே கற்பித்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது 93. மகளோடு சிலாபத்துக்கு அண்மையில் இருக்கிறார். நாம் 1958ஆம் ஆண்டு வகுப்புப் படத்தைக் கொண்டுபோயிருந்தோம். ரீச்சர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளை "அக்கா" என்று கூப்பிட்டார். எம்மை யாரென்று கேட்கவும் இல்லை. புறப்படும் நேரத்தில், எங்களில் மூத்தவர், அந்த வகுப்பில் இருந்தவர், பழைய பழக்கத்தில் எழுந்து நின்று, "ரீச்சர், இடாப்புக் கூப்பிடுவமா?" என்று கேட்டார். ரீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போக மறுத்தார். ஆகவே முப்பத்தொரு தடவை நாம் "வந்தேன் ரீச்சர்" சொன்னோம்.

பிறகு சேர்விடாப்போடு ஒப்பிட்டோம். முப்பத்தொரு பெயர்களில் இருபத்தேழு அந்த வகுப்புக்குரியவை. மூன்று பெயர்கள் அடுத்த ஆண்டு வகுப்புக்குரியவை. ஒன்று எந்த இடாப்பிலும் இல்லை.

அந்த வீட்டில் பேத்திமார் பேசுவது சிங்களம். இரவில் அம்மம்மா எழும்பியிருந்து திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்பதாகவும், அதில் மணி என்ற ஒருவரின் பெயர் வருவதாகவும், குடும்பத்தில் மணி என்று யாரும் இல்லையே என்று எல்லோரையும் விசாரித்துவிட்டதாகவும் மூத்த பேத்தி எம்மிடம் சொன்னார். என்ன கேட்கிறார் என்று கேட்டோம். பிள்ளை தனக்கு வந்த உச்சரிப்பில் சொல்லிக் காட்டினாள்: "மணி அடிச்சிட்டா?"

பாடசாலை மணியைத்தான் ரீச்சர் கேட்டிருக்கிறார்.

இந்த நோயை வைத்தியம் அறிந்துகொண்ட கதையும் ஒரு பெண்ணோடும் ஒரு பெயரோடும்தான் தொடங்குகிறது. 1901 நவம்பரில் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் அவுகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரைப் பார்த்த வைத்தியர் அலொயிஸ் அல்சைமர், அவருடைய பெயரை எழுதச் சொன்னார். 'திருமதி' என்பதை எழுதிய கை அங்கே நின்றுவிட்டது. மிச்சம் மறந்துபோயிற்று. அல்சைமர் கேள்விகளையும் பதில்களையும் ஒரு கோவையில் எழுதி வைத்தார். 1906 ஏப்ரலில் அவுகுஸ்டே இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளும், கலங்களுக்குள்ளே முறுக்கிய நார்களும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி டியூபிங்கன் நகரில் நடந்த வைத்தியர்களின் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். கூடியிருந்தவர்கள் பெரிதாக அக்கறை காட்டவில்லை. 1910இல் எமில் கிரேபெலின் தமது பாடநூலில் அல்சைமரின் பெயரை நோய்க்கு இட்டார். அவுகுஸ்டேயின் கோவை நெடுங்காலம் காணாமற்போய், 1995இல்தான் பிராங்க்பேர்ட்டில் மீண்டும் கிடைத்தது.

நோய் வைத்தியரின் பெயரால் வழங்குகிறது. அதைத் தன் உடம்பால் உலகுக்குக் காட்டியவரின் பெயரைச் சில வரலாற்று நூல்களில் மட்டும் காணலாம். இன்று ஆய்வுகளில் நீட்டப்படும் சம்மதப் பத்திரம் போன்ற ஒன்று அவர் கையில் தரப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் ஆய்வுக்குத் தொண்டராக வந்தவர் அல்லர்.

எண்பது வருடங்களுக்குப் பிறகு கேட்டு வாங்கிய சம்மதத்தின் கதை ஒரு கன்னியர் மடத்தில் தொடங்குகிறது. கன்னியர்களிடம் படித்த எமக்கு இதில் ஒரு தனிப் பிடிப்பு ஏற்பட்டதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மான்கேட்டோ என்ற ஊரில் இருந்த நொத்ர் டாம் பாடசாலைச் சகோதரிகளின் மடத்துக்குப் போனார். அச்சகோதரிகளிற் பெரும்பாலோர் ஆசிரியைகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். புகைத்தல் இல்லை, ஒரே வகைச் சாப்பாடு, ஒரே வகை வீடு. ஆகவே ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு ஏன் வரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மற்ற இடங்களைவிட இலகு. அவர் கேட்டது சிறிய காரியம் அன்று. ஆண்டு தோறும் ஞாபகச் சோதனை, பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி, இறந்தபின் மூளை. 75 வயதுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள் சம்மதித்தார்கள்.

மடத்தின் பெட்டகத்தில் ஒரு புதையல் இருந்தது. மடத்தில் சேர்ந்த இளம் வயதில் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையைப் பற்றிக் கையால் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம். எழுதும்போது அவர்களின் வயது சராசரி 22. ஆய்வாளர்கள் அவற்றில் ஒவ்வொரு வசனமும் எத்தனை கருத்துகளைத் தாங்குகிறது என்று எண்ணினார்கள். "நான் சிலாபத்தில் பிறந்தேன். எனக்கு இரண்டு தம்பிமார்" என்று எழுதுவது ஒரு வகை. "இரண்டு தம்பிமாருக்கு மூத்தவளாய், அப்பா கடலுக்குப் போன இரவுகளில் அம்மாவோடு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்து வளர்ந்தேன்" என்பது இன்னொரு வகை. (இரண்டும் நாமே எழுதிப் பார்த்த உதாரணங்கள்.) 1996இல் வெளியான முடிவு, அறுபது வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பக்கத்துக்கும் முதுமையில் வரும் மறதிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அப்போது இறந்திருந்த, கட்டுரையும் கிடைத்திருந்த 14 பேரின் மூளைகளைப் பார்த்ததில், அடர்த்தி குறைந்த வசனம் எழுதிய எல்லோரிடமும் அல்சைமர் நோயின் அடையாளம் இருந்தது. அடர்த்தியாக எழுதியவர்களில் ஒருவரிடமும் இல்லை. பதினான்கு சிறிய எண்ணிக்கைதான். கட்டுரை நோயைத் தடுத்தது என்றும் சொல்ல முடியாது.

இதே ஆய்வில் சகோதரி மேரி என்பவர் இருந்தார். 101 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை சோதனைகளில் நல்ல புள்ளி எடுத்தார். மூளையைப் பார்த்தபோது நோயின் படிவுகள் நிறைய இருந்தன. மூளையில் நோய் இருந்தும் ஆளில் நோய் தெரியவில்லை. கல்வியும் மனப் பயிற்சியும் மூளைக்கு ஒரு வகைச் சேமிப்பைத் தருகின்றன என்று ஆய்வாளர்கள் பேசத் தொடங்கியதற்கு இத்தகைய மனிதர்கள் ஒரு காரணம். 2024இல் லான்செட் சஞ்சிகையின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கவனித்தால் உலகின் டிமென்சியா நோயில் 45 வீதம் வரை தடுக்கவோ பிற்போடவோ இடமுண்டு என மதிப்பிட்டது. நீரிழிவு, உயர் குருதியழுத்தம், காது கேளாமை, தனிமை முதலியவை அப்பட்டியலில் உள்ளன. சிறுவயதில் கல்வி குறைந்திருப்பதும் அவற்றில் ஒன்று. 1945இல் இலவசக் கல்வி வரும் முன்பே இந்தக் கரையில் பெண்பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவர வீடு வீடாக நடந்த எமது பழைய மதர்மார் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தோம்.

எமது பாடசாலையின் கட்டுரைக் கொப்பிகளையும் தேடினோம். இல்லை. கூரை திருத்திய வருடம் எல்லாம் வெளியே போயிற்று. ஒன்றே ஒன்று கிடைத்தது. முந்தலில் ஒரு பழைய மாணவி தமது ட்ரங்குப் பெட்டியில் எட்டாம் வகுப்புக் கொப்பியை வைத்திருந்தார். 1961ஆம் ஆண்டுக்குரியது. "எமது ஊர்ச் சந்தை" என்ற கட்டுரைக்குப் பத்துக்கு ஆறு. எழுத்துப்பிழை என்று சிவப்பு மையில் ஒரு கோடு. கொப்பிக்காரி இன்றைக்கும் கருவாட்டுக் கணக்கைத் தாளில்லாமல் சொல்கிறார்.

அமெரிக்க மடம் தூரத்துக் கதை. இனி எமது ரயில் பாதைக்கு வருவோம். புத்தளப் பாதை பிரதான பாதையிலிருந்து பிரியும் சந்தி ராகம. கொழும்புக்குப் போகும்போது நாம் யன்னலால் பார்த்துக் கடந்துபோகும் அந்த ஊரில்தான் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. அங்குள்ள அசித டி சில்வா, குணதிலக்க ஆகியோர், ஒக்ஸ்போர்ட்டின் டேவிட் சிமித்துடன் சேர்ந்து, ராகமப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைச் சோதித்தார்கள். 2003இல் முடிவு வெளியானது. 28 பேருக்கு டிமென்சியா இருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர். அந்த 28 பேரில் 20 பேருக்கு இருந்தது அல்சைமர் நோய் எனக் கணிக்கப்பட்டது. எமது நாட்டில் இந்த நோய் இருக்கிறது, அது வெறும் வயதுப் போக்கு அன்று என்று எண்ணிக்கையோடு சொல்ல முடிந்தது அந்த 703 பேர் வாசலுக்கு வந்தவர்களிடம் "சரி, கேளுங்கள்" என்றதால்.

அவர்களை எப்படிக் கேட்டார்கள் என்பதிலும் ஒரு கதை உண்டு. உலகெங்கும் பாவிக்கப்படும் 30 புள்ளிச் சோதனை 1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன் முதலானோர் ஆக்கியது. இது எந்த வருடம், எந்தப் பருவகாலம், நாம் எத்தனையாவது மாடியில் இருக்கிறோம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறை, ஒரு வசனம் எழுது என்று போகும். ராகமக் குழுவினர் முதலில் இதைச் சிங்களத்தில் ஆக்கி, அது இங்கே சரிவருமா என்று பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் கணக்கெடுப்பின் முடிவு வந்தது. பாடசாலைக்குப் போகாதவரிடம் ஏழைக் குறைக்கச் சொன்னால் அவர் கணக்கிலேயே தோற்பார். அதை நோயென்று எழுதுவது அநியாயம்.

எமது ரீச்சருக்கும் ஒரு முறை சோதனை நடந்ததாம். எந்த இடம் என்பது வேண்டாம். சிங்களத்தில் கேட்டதை மகள் நின்ற நிலையில் தமிழாக்கினார். என்ன பருவகாலம் என்ற கேள்விக்கு ரீச்சர் "வாடை" என்றார். மார்கழி மாதம். உடப்பிலோ கற்பிட்டியிலோ எந்தக் கடற்தொழிலாளியைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். மகளுக்கு அந்தச் சொல் தெரியாது. காற்று என்று மொழிபெயர்த்தார். புள்ளி இல்லை. ரீச்சருக்கு நோய் இருப்பது உண்மை. அதில் எமக்குச் சந்தேகம் இல்லை. என்றாலும் அந்த ஒரு புள்ளி இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

தமிழில் கேட்டுப் பார்த்த பெரிய ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. 1998இல் 10/66 என்ற ஆய்வுக் குழு அமைந்தது. உலகின் டிமென்சியா நோயாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது நூற்றுக்கு 66 பேர், வறிய நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வு மொத்த ஆய்வில் 10 வீதத்துக்கும் குறைவு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் 65 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,000 பேர் வீதம் இதில் கலந்துகொண்டார்கள். பல நாட்டு முடிவுகள் 2008இல் லான்செட்டில் வந்தன. அமெரிக்க வரைவிலக்கணத்தின்படி எண்ணியபோது இந்தியக் கிராமத்தில் டிமென்சியா வெறும் 0.3 வீதம். எல்லா இடங்களிலும் அதுவே குறைவு. படிப்பு வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துக் குழு தானே வகுத்த முறையில் எண்ணியபோது தொகை பல மடங்கு கூடிற்று. காரணத்தில் ஒரு பகுதி எமக்குப் பழக்கமானது. முன்னைய முறைப்படி, மறதியால் அன்றாட வேலை கெடுகிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். மருமகள் சமைக்கிறாள், பேரன் கைபிடித்துக் கூட்டிப்போகிறான், பாட்டிக்குத் தனியாகச் செய்ய ஒரு வேலையும் இல்லை. "ஒரு குறையும் இல்லை" என்று வீடு பதில் சொல்லிவிடும். படலையோடு எம்மை அனுப்பிய வீட்டின் பதிலும் இதுதானே.

எமது கரைக்கே உரிய இன்னொரு விடயம் உண்டு. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை, தாத்தா பாட்டி காலத்தில் வீட்டில் தமிழ் பேசிய எத்தனையோ குடும்பங்கள் கடந்த நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறின. எமது சங்கத்திலேயே தமிழில் படித்து, பேரப்பிள்ளைகளோடு சிங்களத்தில் பேசுபவர்கள் பலர். மறதி நோய் பெரும்பாலும் அண்மைய நினைவுகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழையவற்றைக் கடைசிவரை விட்டுவைக்கும். அதனால் இங்கே ஓர் ஆச்சி நோயில் பின்னோக்கிப் போகப் போக, வீட்டில் எவருக்கும் விளங்காத மொழிக்குள் போய்விடுகிறார். மணி என்பது ஆளின் பெயராகிறது.

இரு மொழி பேசுவதில் நன்மையும் இருக்கலாம். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 நோயாளர்களைப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. இரு மொழி பேசுவோருக்கு ஒரு மொழியினரைவிட நான்கரை வருடம் பிந்தியே டிமென்சியா தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் அப்படியே. பிறநாட்டு ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க எமது கரையைவிடப் பொருத்தமான இடம் எமக்குத் தெரியவில்லை. தமிழ், சிங்களம், இரண்டும், படித்தவர், படியாதவர் எல்லோரும் ஒரே தெருவில் இருக்கிறோம்.

புத்தளம் மாவட்டத்துக்கு ஆய்வு புதிதும் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து தங்கிய முஸ்லிம் மக்களிடையே 2011இல் மனநல ஆய்வு ஒன்று நடந்தது. இரு தசாப்த இடம்பெயர்வு மனதை என்ன செய்தது என்று 450 பேரிடம் கேட்டார்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு உளநலக் கோளாறு இருந்ததாக 2013இல் வெளியான முடிவு சொன்னது. எமது பழைய மாணவி ஒருவருடைய குடும்பமும் அப்படி வந்தது. அந்த ஆய்வு 65 வயதோடு நின்றது. அவருடைய உம்மாவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். "உம்மா இப்ப ஒவ்வொரு பின்னேரமும் யாழ்ப்பாணத்து வீட்டுத் திறப்பைத் தேடுறா" என்று அவர் சொன்னபோது, நாம் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டோம்.

ஆய்வில் சேர்வது என்றால் என்ன என்று பலர் கேட்டார்கள். ஊசி போட்டுப் பார்ப்பார்களோ என்ற பயம் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் நடப்பது கேள்வி பதில். மூன்று பொருட்களின் பெயரைச் சொல்லிச் சற்று நேரத்தில் திருப்பிக் கேட்பார்கள். மணிக்கூடு வரையச் சொல்வார்கள். வீட்டிலிருப்பவரிடம் தனியாகக் கேட்பார்கள். சிலவற்றில் இரத்தம் எடுப்பார்கள். நோயில்லாதவர்களும் வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? ஆய்வுக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். விளக்கத் தாள் உங்கள் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். எந்த நேரத்திலும் விலகலாம். அதற்காகச் சிகிச்சை குறையக் கூடாது. மருந்துப் பரீட்சார்த்தம் வேறு. அங்கே ஆபத்தும் உண்டு. லெகனெமாப் என்ற மருந்தின் பரீட்சார்த்தத்தில் 1,795 பேர் சேர்ந்தார்கள். 18 மாதத்தில் நோயின் வேகம் நூற்றுக்கு 27 அளவில் குறைந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்பட்டன. சேர்வதால் தனக்குச் சுகம் வரும் என்று எண்ணிச் சேரக் கூடாது.

கொழும்பில் 2001 முதல் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேசன் நோயாளருக்கும் பராமரிப்போருக்கும் உதவி வருகிறது. பிரித்தானியாவில் இருக்கும் எமது சகோதரிகள் 'ஜோயின் டிமென்சியா ரிசேர்ச்' என்ற தேசிய சேவையில் 18 வயது முதல் பெயர் பதியலாம், நோய் இருக்க வேண்டியதில்லை. லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் நகரங்களில் நடக்கும் ஆய்வுகளில் எம்மைப் போன்றவர்கள் குறைவு என்று ஆய்வாளர்களே எழுதுகிறார்கள். நாமும் எம் பங்குக்கு ஒரு கொப்பி திறந்திருக்கிறோம். ஆய்வென்று யாராவது வந்தால் தம்மைக் கேட்கலாம் என்று சம்மதிக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்காக. இதுவரை பதினேழு பெயர்கள். எம் நால்வரில் மூவருக்கு அந்த வயது ஆகிவிட்டது, முதல் மூன்று பெயர்கள் அவை.

ரீச்சரின் வகுப்புப் படம் எதிர்ப்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகள். இடாப்பையும், ரீச்சர் கூப்பிட்டதையும், படத்தில் இருப்பவர்களின் உறவினர் சொன்னதையும் வைத்து முப்பது பேரின் பெயர்களைக் கீழே போட்டிருக்கிறோம். இரண்டாம் வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக, ஒற்றைப் பின்னலோடு கமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை யாரென்று தெரியவில்லை. ரீச்சர் கூப்பிட்ட, எந்த இடாப்பிலும் இல்லாத அந்தப் பெயர் இவருடையதாக இருக்கலாம். உறுதியில்லாததால் அச்சிடவில்லை. தெரிந்தவர்கள் செயலாளருக்கு எழுதுங்கள்.